ஓனரம்மாவின் ஓணான்கள்

எனக்குப் பிடிக்காதவர்களின் பெயர்கள் இனிஷியலோடு நினைவிருக்கும். என் சுபாவம் அப்படி. ஆனால் நான் யாரை எல்லோரையும்விட அதிகமாக வெறுத்தேனோ அவருடைய பெயர் மட்டும் கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. கரண்ட் அட்டை அவருடைய காலஞ்சென்ற அப்பாவின் பெயரில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. தெருவில் எல்லோரும் ஓனரம்மா என்றார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். அவரும் எங்கள் யார் பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நாங்கள் மாடிக் குடித்தனம்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. கீழே அவர் தனியாக இருந்தார். மேலே நாங்கள் மூன்று பேர்: நாவலூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குத் தினமும் ரயிலில் போய்வரும் நான், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆன என் அப்பா.

வீடு பார்க்கப் போன அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மற்ற ஓனர்கள் எத்தனை பேர், என்ன வேலை, கறி சமைப்பீர்களா என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு. பூனை உண்டா? பூச்சி மருந்து அடிப்பீர்களா? துணி துவைத்த தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? எல்லாவற்றுக்கும் நான் பவ்வியமாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக, "வீட்டுல யாராவது சின்ன வயசுல ஓணான் அடிச்சவங்க இருக்கீங்களா?" என்றார்.

யாராவது இதற்கு ஆமாம் என்பார்களா? என் அப்பா கையைத் தூக்கினார்.

"நான்தாங்க மேடம். தென்னை ஈர்க்குல சுருக்குப் போட்டுப் பிடிப்பேன். மூக்குப்பொடி குடுத்தா என்னமா ஆடும் தெரியுமா?"

நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓனரம்மா சிரிக்கவில்லை. உயரமாக, ஒல்லியாக, ஆம்பிளை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி நின்றுகொண்டிருந்தார். அப்பாவை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"வீடு தரேன். ஆனா இவர் தோட்டத்துல கால் வைக்கக் கூடாது. கேட்டைத் திறந்தா நேரா மாடிப்படி."

கேட்டுக்கு வலது கை பக்கம் அந்தத் தோட்டம். தோட்டம் என்று சொல்வதே அதிகம். ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மதிலோரம் செம்பருத்தி, மற்றபடி விழுந்த சருகெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவர் அதைப் பெருக்கவிட்டதில்லை. மண்ணை மட்டும் தினம் சொம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்து இளக்கமாக வைத்திருப்பார். செடிக்காக இல்லை. மண் இளகியிருந்தால்தான் ஓணான் குழி பறித்து முட்டை வைக்க வரும்.

வெயில் ஏற ஏற மதில் முழுக்க ஓணான்கள். சித்திரை பிறந்ததும் ஆண் ஓணானுக்குக் கழுத்தும் தலையும் ரத்தச் சிவப்பாகிவிடும். மதில்மேல் நின்று தண்டால் எடுக்கும். துவைக்கிற கல்லுக்கடியில் அரணைகள் வழுவழுவென்று ஓடும். குழாயடிச் சுவரில் பல்லி. இவற்றில் எதை மிதித்தாலும், எதை விரட்டினாலும், கீழேயிருந்து அந்தக் குரல் வரும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சொல்ல வேண்டியதைச் சொல்வார், லைனைக் கட் செய்துவிடுவார்.

"மாடிக் குடித்தனம். சோப்புத் தண்ணி கீழ வருது."

அவ்வளவுதான். மறுவார்த்தை பேச எதிரில் ஆள் இருக்காது.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் நான் படியிறங்கிப் போய்க் கேட்டேன். வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொட்டக்கூட உரிமை இல்லையா என்று. அவர் கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்.

"அதுங்க யாரையும் கேட்டு வரல. நீங்க கேட்டு வந்தீங்க. கேட்டு வந்தவங்க சொல்றதைக் கேட்டுத்தான் இருக்கணும்."

இதை நான் ஆபீசில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் எங்கிருந்தோ பழைய டேபிள் ஃபேன்களின் முன்பக்க மூடிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஓணான் முட்டை வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டிவிட்டுப் போன பிறகு, அந்த இடத்தில் ஒரு ஃபேன் மூடியைக் கவிழ்த்து நாலு பக்கமும் செங்கல் வைத்துவிடுவார். காக்கை கிளறக் கூடாது, பூனை தோண்டக் கூடாது. ஆவணி வாக்கில் பார்த்தால் அங்கங்கே மூடி கவிழ்த்த தரை. புதிதாக வருகிறவர்கள் இதென்ன என்று கேட்பார்கள். அப்பா மேலிருந்து, "பிரசவ வார்டு" என்று பதில் சொல்வார்.

ஓனரம்மாவைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிற ஒரு விஷயம் உண்டு. மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்புக் கதவு. ஆபீஸ் அவசரத்தில் அதை நான் இழுத்துச் சாத்தியபோது ஒரு அரணையின் வால் மாட்டிக்கொண்டது. அரணை ஓடிவிட்டது. வால் மட்டும் கீழே கிடந்து துடித்தது. நான் அலறியதில் அவர் வந்தார். அந்த வாலைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அது துள்ளிக்கொண்டே இருந்தது. நான் நகரப் பார்த்தேன்.

"இருங்க. அடங்கற வரைக்கும் பாத்துட்டுப் போங்க."

நான் நின்றேன். ஏன் நின்றேன் என்று கேட்டால் தெரியாது. அவர் சொன்னால் நிற்கத்தான் தோன்றும். வால் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்கு ரயில் போய்விட்டது. வால் மறுபடி முளைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் நிற்க வைத்தார்.

இன்னொரு முறை தெருவே வேடிக்கை பார்த்தது. மழை விட்டிருந்த சமயம், ஊர் முழுக்கக் காய்ச்சல். கொசு மருந்துப் புகை அடிக்க ஒரு ஆள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். எல்லா வீட்டிலும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஓனரம்மா கேட்டைச் சாத்தி, குறுக்கே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா நீ, புகை அட்ச்சா உனுக்கு இன்னா? தெருவே காய்ச்சல்ல பட்த்துகினு கீது."

"உள்ள வேண்டாம். உள்ள ஆளுங்க இருக்கு."

"யாரு கீறாங்க?"

அவர் மதிலைக் காட்டினார். ஒரு ஓணான் தலையைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஓணானுக்கோசரம் மன்சன் சாவறதா? நல்லா கீதும்மா உன் நாயம்."

"மனுஷனுக்கு ஆஸ்பத்திரி இருக்கு" என்றார் ஓனரம்மா.

அந்த மாதமே எனக்கு டெங்கு. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேன். நல்லவேளை, மனுஷிக்கு ஆஸ்பத்திரி இருந்தது. தேறி வீட்டுக்கு வந்தபோது, படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். அவர் கொய்யா மரத்தடியில் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் அவர்மேல் இருந்த எரிச்சல் எனக்கு வெறுப்பாக மாறியது.

அப்பாவுக்கு மட்டும் அவரிடம் துளியும் வெறுப்பில்லை. தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது என்ற சட்டத்தை அவர் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார். கேட்டைத் திறந்ததும் கவாத்து நடப்பது போல வலது பக்கம் பாராமல் நேரே படிக்குப் போவார். மேலே போய் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டால் சாயங்காலம்வரை வர்ணனை நடக்கும்.

"மேடம், உங்க மாப்பிள்ளைக்கு இன்னிக்கு முகூர்த்தம் போல. செவசெவன்னு நிக்கிறாரு."

"மேடம், செம்பருத்திகிட்ட ரெண்டு பேருக்குள்ள தகராறு. நீங்க வந்து பஞ்சாயத்து பண்ணுங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். அப்பாவோடு அவர் நேராகப் பேசியதே இல்லை. அப்பா விடவும் மாட்டார். எதற்கப்பா வாயைக் கொடுக்கிறீர்கள் என்றால், "அந்தம்மாவுக்கும் பேச்சுத்துணை வேணுமில்ல" என்பார். அங்கே யாருக்குப் பேச்சுத்துணை தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் அங்கே இருந்த கடைசி வருஷம், ஆடி மாதம், கேட்டை ஒட்டின மண்ணில் ஒரு ஓணான் முட்டை வைத்தது. ஓனரம்மா உள்ளே எதற்கோ போயிருந்தார், ஃபேன் மூடி வைப்பதற்குள் ஒரு காக்கை இறங்கிக் கிளற ஆரம்பித்துவிட்டது. அப்பா பால்கனியில் எழுந்து நின்று கையைத் தட்டி, சூ சூ என்று கத்தி, தன் செருப்பையே கழற்றி வீசினார். காக்கை பறந்தது. ஓனரம்மா ஓடிவந்தார். சிதறின மண்ணைக் கையால் ஒதுக்கி மூடினார், ஃபேன் மூடியைக் கவிழ்த்தார், செங்கல் வைத்தார். பிறகு அப்பாவின் செருப்பை எடுத்துப் படிக்குக் கீழே போட்டுவிட்டு, மதிலைப் பார்த்துச் சொன்னார்.

"கை தட்டினா அதுங்க பயப்படும்."

அப்பா அன்று முழுக்கச் சிரித்தார். "பாத்தியா, எங்கிட்ட பேசிட்டாங்க" என்றார்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆகிவிட்டால் அங்கிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. அவருடைய அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அது அவர் மனதில் முள்ளாக இருந்தது.

"சொந்த வீடு கட்டத்தான் எனக்குத் துப்பில்ல. வாடகை வீடா இருந்தா என்ன, வீட்டு வாசலுக்குள்ள வெச்சு அனுப்பும்மா."

செய்கிறேன் என்று கையில் அடித்துச் சொன்னேன்.

அந்த ஆவணியிலேயே அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வந்தபோது கேட் பூட்டியிருந்தது. அந்த வீட்டுக் கேட்டைப் பகலில் பூட்டி நான் பார்த்ததில்லை. ஓனரம்மா உள்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் மாடிப்படி சுழல் படி. ஐஸ் பெட்டியை அதில் ஏற்றவே முடியாது. கேட்டுக்கும் படிக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

"ரோட்டுல வெச்சுக்கோங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவேயில்லை. வாடகை வீட்டில் சாவு விழுந்தால் ஓனர்கள் முகம் சுளிப்பது உண்டு. வீட்டுக்கு ஆகாது, அடுத்து யாரும் குடிவர மாட்டார்கள் என்பார்கள். அதுதான் காரணம் என்றால் காலில் விழுந்தாவது சம்மதிக்க வைத்திருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை.

"கேட் பக்கத்துல முட்டை இருக்கு. ஐஸ் பெட்டி கனம். பந்தல்காரன் கம்பு நடுவான். இத்தனை பேர் மிதிப்பாங்க. குளிப்பாட்டற தண்ணி மண்ணுல இறங்கும். ஒண்ணுகூட தேறாது."

என் வீட்டுக்காரர் கெஞ்சினார். கம்பு நட வேண்டாம், பந்தலே வேண்டாம், ஓரமாக வைக்கிறோம் என்றார். ஓனரம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். எதிர்வீட்டு பாய் வந்தார். சோபா ரிப்பேர் கடை வைத்திருப்பவர், தெருவில் ஓனரம்மாவோடு பேச்சுவார்த்தை உள்ள ஒரே ஆள்.

"அக்கா, மையித்தை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்க வைக்கிறது பாவம்க்கா. கொஞ்ச நேரம்தானே."

"பாவம்தான். வேற இடம் இருக்கு. இதுங்களுக்கு இல்ல."

நான் கேட்டைப் பிடித்து உலுக்கினேன். தெரு முழுக்க நின்றது. எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

"அவர் ஓணான் அடிச்சவர்னுதானே இப்படிப் பண்றீங்க? என்னிக்கோ சின்ன வயசுல செஞ்சதுக்கு?"

"அதுக்கில்ல. யாரா இருந்தாலும் இதான்."

"அந்த முட்டையைக் காக்காகிட்டேருந்து காப்பாத்தினதே எங்க அப்பாதான்."

"தெரியும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் பூட்டைத் தொட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

பாய் தன் ஷெட்டிலிருந்த சோபாக்களையெல்லாம் மளமளவென்று தெருவோரம் இழுத்துப் போட்டார். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பாதி ஷெட்டிலும் பாதி ரோட்டிலுமாக அப்பாவை வைத்தோம். "வீட்டைப் பாத்த மாதிரி வெச்சிருக்கோம்மா" என்றார் பாய். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வெடித்தது. வீட்டைப் பார்த்த மாதிரி. வீட்டுக்குள் இல்லை. ஆட்டோக்களும் தண்ணீர் லாரியும் அப்பாவின் கால்மாட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

ஓனரம்மா வெளியே வரவேயில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. எடுக்கிறவரை அந்த ஃபேன் மூடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், கூட்டத்தில் யாராவது மதிலேறிக் குதித்துவிடுவார்களோ என்பது போல. அப்பாவைத் தூக்கியபோது இறைத்த சாமந்தியில் கொஞ்சம் மதிலைத் தாண்டி உள்ளே விழுந்தது. அவர் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே ரோட்டில் போட்டார். "பூவுல மருந்து இருக்கும்" என்று பாயிடம் சொன்னாராம். நான் அந்தப் பூ ரோட்டில் வந்து விழுந்ததைத்தான் பார்த்தேன். அப்பாவை ஏற்றின வண்டி அதன் மேல் ஏறிப் போனது.

புரட்டாசியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஐப்பசிவரை பொறுக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். சாமான் ஏற்றுகிற அன்று, கடைசியாகச் சாவியைக் கொடுக்கப் போனேன். அவர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை வாங்க என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

போனேன். ஃபேன் மூடியை எடுத்துவிட்டிருந்தார். மண் வெடித்துச் சின்னச் சின்ன ஓட்டைகளாக இருந்தது. அதிலிருந்து விரல் நீளத்தில் ஓணான் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கண்ணைத் திறந்து, தலையில் மண்ணோடு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுச் சருகுக்குள் ஓடின. பிறக்கும்போதே தனியாக ஓடக் கற்றுக்கொண்டு வந்தவை.

"அன்னிக்கு உள்ள வெச்சிருந்தா இதுங்க இல்ல."

"எங்க அப்பா உள்ள வந்திருப்பார்" என்றேன்.

"வந்துட்டுப் போயிருப்பார். இதுங்க இருக்குதுங்க."

எனக்கு உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, ஏதோ ரயில் டைம் சொல்வது போலச் சொன்னார்.

"சித்திரையிலேருந்து ஐப்பசி வரைக்கும்தான் தொந்தரவு. அப்புறம் நிலம் காலி. கார்த்திகை, மார்கழி, தை, யார் வேணா மிதிச்சுக்கலாம். உங்க அப்பா ஆவணியில போயிட்டார். தையா இருந்தா உள்ளேயே வெச்சிருக்கலாம்."

சாவதற்கு மாசம் பார்க்கத் தெரியாதவர் என் அப்பா என்பது போல. நான் சாவியைச் செங்கல்மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தெருப்பக்கமே பிறகு போகவில்லை. கேம்ப் ரோட்டில் பஸ் போகும்போதுகூட மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

பாய் மட்டும் ரம்ஜானுக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுப்பார். ஓனரம்மா பேச்சை எடுக்க மாட்டார். நானும் கேட்க மாட்டேன்.

இந்தப் பொங்கல் முடிந்த வாரம், ஆபீசில் இருக்கும்போது பாயின் போன் வந்தது.

"ஓனரம்மா தவறிட்டாங்கம்மா. விடிகாலையில."

எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "எங்க வெச்சிருக்காங்க?"

"ரோட்டுலதான்மா. நம்ம ஷெட்டுல. உங்க அப்பாவை வெச்ச அதே இடம்."

"ஏன், சொந்த வீடுதானே?"

"அவங்க அண்ணன் மவன் பெங்களூர்லேருந்து வந்திருக்காரு. அத்தை உயிரோட இருக்கும்போதே சொல்லி வெச்சாங்களாம். நான் செத்தா உள்ள வைக்காதே, தோட்டத்தை யாரும் மிதிக்கக் கூடாது, ரோட்டுல வெச்சு எடுத்துடுன்னு. கேட்டைப் பூட்டிட்டு வெளியில உக்காந்திருக்காரு. தெருவே அதைத்தான்மா பேசுது. தனக்கும் அதே சட்டம்தான் வெச்சிருந்திருக்காங்க பாருங்க. நாமதான் தப்பா நெனச்சிட்டோம். என்ன ஒரு நேர்மை."

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

அவர் இறந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதை மறைக்கவும் போவதில்லை. ஆனால் நேர்மை என்ற அந்த வார்த்தை என்னைக் குத்தியது. யாராக இருந்தாலும் இதான் என்று அவர் கேட்டுக்குள் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போது அதை நான் நம்பவில்லை. இப்போது தெருவே அதை நம்பிக்கொண்டு, பாய் ஷெட்டில் அவரைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருக்கிறது. என் அப்பாவுக்குச் செய்ததெல்லாம் சரியாகிவிட்டது. ஒரே இடம், ஒரே ரோடு, கணக்குத் தீர்ந்தது.

தீரவில்லை. என் அப்பா ரோட்டில் கிடந்தபோது உள்ளே முட்டை இருந்தது. இப்போது தை மாதம். அந்த மண்ணில் ஒன்றும் இல்லை. மாசம் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருத்தர்தான். அவர் ஷெட்டில் படுத்திருக்கிறார். மிச்சம் நான். என் அப்பாவோடு சரிக்குச் சரியாக அவரை ரோட்டில் கிடத்தி அந்த நல்ல பெயரை வாங்கிக்கொண்டு போக விட எனக்கு மனசு வரவில்லை. அவருடைய சட்டப்படியே அவருக்கு உள்ளே இடம் இருக்கிறது. அந்த இடத்தை அவர் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்.

"பாய், அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க. தையில நிலம் காலி. முட்டை கிடையாது. யார் வேணா மிதிச்சுக்கலாம்னு அவங்களே என்கிட்ட சொல்லியிருக்காங்க. உள்ள வைக்கச் சொல்லுங்க."

"நிஜமாவாம்மா?"

"நிஜம். ஐப்பசியோட முடிஞ்சுது. சொல்லுங்க போய்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்து பாய் திரும்பக் கூப்பிட்டார்.

"உள்ள வெச்சாச்சும்மா. கேட்டை ஒட்டினாப்ல, கொய்யா மரத்தைப் பாத்த மாதிரி. உங்களுக்குப் பெரிய மனசும்மா. உங்க அப்பாவுக்கு அப்படி ஆனதுக்கப்புறமும்..."

"பெரிய மனசெல்லாம் இல்ல பாய்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"யார் சொன்னதுன்னு அந்தப் பையன் கேட்டாரு. உங்க பேரைச் சொன்னேன், அவருக்குத் தெரியல. எந்தச் சொந்தம்னு கேட்டாரு. நம்பறாப்ல இல்ல. அப்புறம் மாடிக் குடித்தனம்னேன். அத்தை வாயில அடிக்கடி கேட்ட பேராம், உடனே எழுந்து போய் பூட்டைத் திறந்துட்டாரு."